"எங்க வீட்டுக்கு யாருமே வரலையே?": கருத்து சர்வே பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய அளவில் நடக்கிற சர்வேக்களுக்காகத் திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சைப் பக்கம் களப்பணிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் கேட்பதும், வகுப்பில் அந்தப் பிள்ளைகள் கேட்பதும், வாட்ஸப் குழுவில் சொந்தக்காரர்கள் சண்டைக்கு இழுப்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மேலே இருப்பவை சுலபம், கீழே போகப் போகக் கொஞ்சம் தலைவலி.

இதுவும் சென்சஸ்தானே? எதுக்குச் சும்மா சும்மா வர்றீங்க?

இல்லை. சென்சஸ் என்றால் ஒரு வீடு விடாமல் எண்ணுவது. சர்வே என்றால் சில வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நிறையக் கேட்பது. நம் நாட்டில் இது புதுசும் இல்லை. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முன்னின்று தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு 1950-லிருந்து நடக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று 1992-93, ஐந்தாவது சுற்று 2019-21. அதை நடத்துவது மும்பையில் இருக்கிற சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்.

வீட்டில் என்ன இருக்கிறது, என்ன செலவாகிறது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்பவைதான் இவற்றில் அதிகம். ஆனால் நடுநடுவே "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்ற வகைக் கேள்விகளும் வரும். இந்தப் பக்கம் அந்த வகையைப் பற்றித்தான்.

ஆதார் நம்பர் கேப்பீங்களா? உரிமைத்தொகை, ரேஷன் கார்டுல ஏதாவது கை வச்சிருவாங்களா?

கருத்து கேட்க வருகிறவருக்கு உங்கள் ஆதாரும் வங்கிக் கணக்கும் எதற்கு? ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் அது சர்வே இல்லை, திருட்டு. வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். முறையான சர்வேயில் முதலில் சம்மதம் கேட்பார்கள், எந்தக் கேள்வியையும் நீங்கள் தாண்டலாம், பாதியில் போதும் என்றும் சொல்லலாம். குடும்ப நல ஆய்வில் விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்ப்பார்கள், அதற்குச் சம்மதம் தனி. ஆராய்ச்சிக்குப் போகிற தரவில் உங்கள் பெயர் இருக்காது.

இந்த பயம் எங்களுக்கு வேறு மாதிரி இடைஞ்சல். மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் வந்த பிறகு, வாசலில் டேப்லெட்டோடு நிற்கிற யாரைப் பார்த்தாலும் தகுதி சரிபார்க்க வந்த ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஏசி ஓடுகிற சத்தம் கேட்கும், ஃபேனே இல்லை என்பார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அரசாங்கம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

மனசுல நினைக்கறதை எப்படிங்க அளக்க முடியும்? இன்னைக்கு ஒண்ணு தோணும், நாளைக்கு ஒண்ணு தோணும்.

ஒரு ஆளை எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆயிரம் பேரிடம் கேட்டால், காலையில் கோபமாக இருந்தவரும் சாயங்காலம் சந்தோஷமாக இருந்தவரும் ஒருவரை ஒருவர் அடித்துவிட்டு, மீதி நிற்பது ஓரளவு நிலையானது.

அப்படியும், ஒரு தடவை எடுத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. "60 சதவீதம் பேர் சரி என்கிறார்கள்" என்றால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டிருந்தால் அதுவே 50 ஆகியிருக்கும். ஆனால் அதே கேள்வியை அதே மாதிரி ஐந்து வருஷம் கழித்துக் கேட்டு 60 என்பது 48 ஆனால், அந்த 12 நிச்சயம் ஏதோ சொல்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் பொதுச் சமூக ஆய்வை 1972-லிருந்தும், பிரிட்டனில் சமூக மனப்பான்மை ஆய்வை 1983-லிருந்தும் விடாமல் நடத்துகிறார்கள். பல நாடுகளைச் சேர்த்துக் கேட்கிற உலக விழுமிய ஆய்வு 1981-ல் தொடங்கியது. நம் நாட்டில் டெல்லியில் இருக்கிற சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையம் (இதைச் செய்கிற அதன் பிரிவுக்குப் பெயர் லோக்நிதி) 1996-லிருந்து ஒவ்வொரு மக்களவைத் தேர்தலையும் ஒட்டி வாக்காளர்களிடம் கேட்டு வருகிறது. ஒரு சுற்றின் எண்ணைவிட இரண்டு சுற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே உள்ள பாதி பதில்கள் அதிலிருந்து வருபவை.

எங்க தெருவுக்கு இதுவரைக்கும் ஒரு ஆளு வந்ததில்லை. அப்ப யாரைத்தான் கேட்டீங்க?

வராததுதான் இயல்பு. ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் நாடு முழுக்க 6,36,699 வீடுகள். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கும், ஆனால் 2011 சென்சஸிலேயே நாட்டில் 24 கோடிக்கு மேல் குடும்பங்கள். கிட்டத்தட்ட 400 குடும்பத்துக்கு ஒன்று. லோக்நிதி மாதிரியான ஆய்வுகளில் சில ஆயிரம், சில பத்தாயிரம் பேர்தான், அதில் உங்கள் பெயர் வர லாட்டரி அடிக்க வேண்டும்.

குடும்ப நல ஆய்வில் தேர்வு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் நாடு முழுக்கக் கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் 22 வீடுகள். எந்த ஊர், எந்த வீடு என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. தெரிந்தவர் வீடு, காபி கொடுக்கிற வீடு என்று போக முடியாது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றீங்க. எங்க ஊரு என்ன ஒரே பானையா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டது. நான் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான். கிளறாத பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் அடியில் குழைந்ததும் தெரியாது, நடுவில் வேகாததும் தெரியாது. நம் ஊர்கள் கிளறாத பானைதான். மேலத்தெரு ஒரு பக்கம், காலனித் தெரு வயலைத் தாண்டி ஒரு பக்கம், வாய்க்கால் கரைப் புறம்போக்கில் வரிசையாக நாலு கூரை வீடு. பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி டீக்கடையைச் சுற்றி இருபது பேரைக் கேட்டுவிட்டு வந்தால் அது ஊரின் கருத்து ஆகாது, அந்தத் தெருவின் கருத்து.

அதனால்தான் கேள்வி கேட்பதற்கு முன்னால் லிஸ்டிங் என்று ஒரு வேலை. இரண்டு பேர் ஊர் முழுக்க நடந்து, கையால் படம் வரைந்து, கோவில், குளம், மதகு எல்லாம் குறித்து, ஒவ்வொரு கட்டிடத்துக்கும் வரிசை எண் போடுவார்கள். மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கும், எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பாட்டி தனியாக அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார். அதுவும் ஒரு குடும்பம். பயிற்சிப் பிள்ளைகள் விட்டுவிட்டு வருவது எப்போதும் இந்த மாதிரி வீடுகளைத்தான், அப்புறம் மூங்கில் பாலத்தைத் தாண்டி இருக்கிற வீடுகளை. லிஸ்டில் 176 வீடு வந்தால் எட்டு வீட்டுக்கு ஒன்று என்று எடுத்தால் 22. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதும் குலுக்கல்தான். கிளறுவது என்றால் இதுதான்.

வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டைக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே?

கூடாது. களத்தில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சொல்லியும் யாராவது ஒருவர் செய்து வைப்பார். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்? நடவு நாளில் காலை ஆறு மணிக்கே பெண்கள் வயலில் இருப்பார்கள், ஆண்களில் பாதிப் பேர் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். மீதி இருப்பது வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும். பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை எடுத்துக்கொண்டே போனால் உங்கள் சர்வேயில் வேலைக்குப் போகிற பெண்ணே இருக்க மாட்டாள். பெண் வேலைக்குப் போவது பற்றிக் கேள்வி வேறு இருக்கும்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. போன சுற்றில் ஒழுங்காக மூன்று தடவை திரும்பிப் போய்க் கேட்டிருந்து, இந்தச் சுற்றில் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டால், ஜனங்கள் திடீரென்று பழைய கருத்துக்குத் திரும்பிவிட்ட மாதிரி எண் வரும். ஊர் மாறியிருக்காது, எங்கள் சோம்பேறித்தனம் மாறியிருக்கும். எனவே திரும்பப் போக வேண்டும், விடியற்காலை அல்லது விளக்கு வைத்த பிறகு. அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும்.

ஆயிரம் பேரைக் கேட்டுட்டு 140 கோடிப் பேரு இப்படி நினைக்கிறாங்கன்னு சொல்றது மோசடி இல்லையா?

குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால் மோசடி இல்லை. ஆயிரம் பேருக்குச் சுமார் 3 சதவீதம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிழை இருக்கும், 400 பேருக்குச் சுமார் 5, 4,000 பேருக்கு ஒன்றரை. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும், செலவும் நாலு மடங்கு. மக்கள்தொகை எவ்வளவு என்பது இதில் கிட்டத்தட்டக் கணக்கிலேயே வராது. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் என்றாலும் இந்தியாவுக்கு ஆயிரம் என்றாலும் பிழை ஒன்றுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். நாங்கள் ஒரு ஊருக்குப் போய் 22 வீட்டைக் கேட்கிறோம், அந்த 22 பேரும் ஒரே டீக்கடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். அதனால் உண்மையான பிழை இதைவிடக் கூடுதல். செய்திகளில் அதைப் போடுவதே இல்லை.

வாட்ஸப்புல ஒரு ஓட்டெடுப்பு வந்துச்சு, 50,000 பேரு பதில் சொல்லியிருக்காங்க. ஆயிரத்தைவிட அது பெரிசில்லையா?

அளவு பெரியது, மதிப்பு கிடையாது. 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சம் பேருக்கு மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பத்திரிகை ஆள் பிடித்தது டெலிபோன், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து, அதிலும் வேலை மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் ஒரு தினுசு. அதே தேர்தலில் அதைவிடப் பல மடங்கு சின்ன மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார். வாட்ஸப் ஓட்டெடுப்பும் அந்த ரகம்தான், யார் கிளப்பி விட்டாரோ அவருடைய குழுக்களின் கருத்து.

2024-ல எக்சிட் போல் எல்லாம் கவுந்துச்சே. இதை மட்டும் எப்படி நம்பறது?

350-க்கு மேல் என்றார்கள், தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு வந்தது 293. நியாயமான சந்தேகம். ஆனால் எக்சிட் போல் செய்வது வேறு வேலை. ஓட்டு சதவீதத்தை மதிப்பிட்டு, அதை இடங்களாக மாற்ற வேண்டும். ஓட்டில் இரண்டு சதவீதம் நகர்ந்தால் இடத்தில் ஐம்பது நகரும். கருத்து சர்வேயில் அந்த இரண்டாவது தாவல் இல்லை. அப்புறம், ராத்திரிக்குள் டிவிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

இன்னொன்று, எக்சிட் போலுக்குத் தேர்தல் முடிவு ஒரு வாரத்தில் வந்துவிடும், தப்பு ஊருக்கே தெரியும். கருத்து சர்வேக்கு அப்படி ஒரு முடிவு நாள் வராது. அதனால் செய்முறையை ஒளிக்காமல் வெளியிடுகிறவர்களை மட்டும் நம்புங்கள்.

ஜனங்க உண்மையைச் சொல்லுவாங்கன்னு என்ன நிச்சயம்? சாதி பார்க்கறீங்களான்னா யாரு ஆமாங்கப் போறா?

நிறையப் பேர் ஆமாம் என்றே சொல்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011-12 சுற்றில் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் இன்னொன்று: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா? "நாங்கள் அதெல்லாம் பார்க்கிறதே இல்லைங்க" என்று சட்டென்று வருகிற பதில் அடுப்படி என்றதும் கொஞ்சம் தயங்கும். இரண்டையும் சேர்த்தால் நாட்டில் 27 சதவீதக் குடும்பங்கள். உண்மை இன்னும் கூட இருக்கலாம், குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

மற்றபடி வழிகள் உண்டு. யாருக்கு ஓட்டு என்று லோக்நிதி வாயால் கேட்பதில்லை, மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் பெண்கள்தான் கேட்பார்கள், வீட்டு வன்முறைப் பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக. அந்தத் தனிமை கிடைப்பதுதான் பாடு. மருமகளிடம் கேட்டால் மாமியார் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளும்மா, நான் சொல்றேன்" என்பார். கூட வந்த பெண் "நீங்க ரேஷன் கடை விவரம் சொல்லுங்கம்மா" என்று அவரைக் கொல்லைப்புறம் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நகரவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும், அது விதி.

மாற்றத்தை அளக்க இது எவ்வளவு கெடுதல்? ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு பேர் மறைத்தால் கெடுதல் குறைவு, இரண்டு எண்ணும் ஒரே அளவு தப்பாக இருந்தால் வித்தியாசம் தப்பாவதில்லை. மறைப்பவர்கள் கூடிக்கொண்டே போனால்தான் சிக்கல். ஆனால் போன தலைமுறை வெளிப்படையாகச் சொன்னதைச் சொல்ல இந்தத் தலைமுறை கூச்சப்பட்டால் அதுவே ஒரு மாற்றம்தானே? மனசு மாறியதா வாய் மாறியதா என்று பிரிப்பதுதான் கஷ்டம், அடுப்படிக் கேள்வி மாதிரியானவை கொஞ்சம் உதவும்.

எனக்கு அதைப்பத்தி ஒண்ணும் தெரியாதுன்னா ஏன் விட மாட்டேங்கறாங்க?

விட வேண்டும். "தெரியாது" என்பதும் ஒரு பதில், அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று உங்கள் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் அது கேட்டவரின் கருத்து, உங்களுடையது இல்லை. மேற்பார்வையாளரிடம் புகார் சொல்லலாம்.

ஏன் முப்பது வருஷமா அதே கேள்வி? காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தக் கூடாதா?

மாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் அளவுகோலை மாற்றக் கூடாது. 1940 வாக்கில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை "தடை செய்யலாமா" என்று ஒரு பாதியிடம், "அனுமதிக்கலாமா" என்று மறுபாதியிடம் கேட்டார்கள். தடை செய் என்றவர்கள் 54 சதவீதம், அனுமதிக்காதே என்றவர்கள் 75. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஆனால் இருபது புள்ளி தள்ளிப் போனது. நீங்கள் இந்தச் சுற்றில் ஒன்றையும் அடுத்த சுற்றில் இன்னொன்றையும் கேட்டிருந்தால் நாடே புரண்டுவிட்டது என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். கேள்வியின் வரிசையை மாற்றினாலும், பதில் கட்டங்களை நாலிலிருந்து ஐந்தாக்கினாலும், வீட்டுக்குப் போவதை விட்டு போனில் கேட்டாலும் இதே கதைதான்.

அதற்காக எப்போதும் மாற்றவே கூடாது என்றில்லை. கறுப்பர், வெள்ளையர் கலப்புத் திருமணத்தை ஏற்கிறீர்களா என்று காலப் நிறுவனம் 1958-ல் கேட்டபோது ஏற்றவர்கள் 4 சதவீதம், 2021-ல் 94. நடுவில் கேள்வியில் கறுப்பர்களைக் குறித்த பழைய சொல்லை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. 4-க்கும் 94-க்கும் நடுவில் ஒரு சொல்லின் விளைவு ஒன்றும் பெரிதில்லை. சின்ன மாற்றங்களை அளக்கும்போது மட்டும், ஒரு சுற்றில் பாதிப் பேரிடம் பழைய கேள்வியும் பாதிப் பேரிடம் புதியதும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விலகல் என்று பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். கூடுதல் வேலை, அதனால் பலர் செய்வதில்லை.

விவசாயிகள்ல 40 சதவீதம் பேருக்கு விவசாயமே வேண்டாமாமே. இப்ப எவ்வளவு ஆகியிருக்கும்?

டெல்டாவில் மேடைக்கு மேடை வருகிற எண் இது. மூலம் தேசிய மாதிரி ஆய்வின் 59-வது சுற்று, 2003. வேறு வழி கிடைத்தால் வேறு தொழிலுக்குப் போய்விடுவோம் என்றவர்கள் 40 சதவீதம், லாபமில்லாததால் விவசாயம் பிடிக்கவில்லை என்றவர்கள் 27. இருபது வருஷத்துக்கு மேல் பழைய எண்ணை நேற்று எடுத்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எவ்வளவு என்று கேட்டால், முதலில் விவசாயி யார் என்று கேட்க வேண்டும். 2003-ல் கொஞ்சமாவது நிலம் கைவசம் இருக்க வேண்டும், சொந்தமோ குத்தகையோ. 2013 சுற்றில் நிலம் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல் விளைச்சல் மதிப்பு இருக்க வேண்டும் என்றார்கள். 2019 சுற்றில் அது 4,000 ஆனது. இரண்டு சென்ட் கொல்லையில் கத்தரிக்காய் போட்டுச் சாப்பிடுகிறவர் 2003-ல் விவசாயி, அப்புறம் இல்லை. நிலமே இல்லாமல் பத்து ஆடு வளர்க்கிறவர் முன்பு விவசாயி இல்லை, அப்புறம் ஆனார். இந்த இரண்டு கூட்டத்தின் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கூடியது, குறைந்தது" என்றால் அது சரியான ஒப்பீடு இல்லை.

தண்ணி வராத மாசத்துல வந்து 'பெரிய பிரச்சனை என்ன'ன்னு கேட்டா தண்ணின்னுதானே சொல்லுவோம்?

ஆமாம், அதனால்தான் எந்த மாதத்தில் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை என்றால் காவிரி. நவம்பரில் கேட்டால் வயலில் நிற்கிற தண்ணீரும் வடியாத வாய்க்காலும். சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் கேட்டால் கொள்முதல் நிலையம்: குவியலுக்குத் தார்ப்பாய், ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் திருப்பி அனுப்புவது, சாக்கு இல்லை என்பது. ஒரே ஆள் ஒரே வருஷத்தில் மூன்று பதில் சொல்வார், மூன்றும் உண்மை. 2018 நவம்பர் 16-ல் கஜா வந்த அடுத்த மாதம் வேதாரண்யத்தில் போய்க் கேட்டிருந்தால் தென்னை, மின்சாரம் தவிர வேறு எதுவும் வந்திருக்காது.

எனவே சுற்றுகளை ஒப்பிடும்போது அதே பருவமா என்று பாருங்கள். குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று தமிழ்நாட்டில் 2020-ல் தொடங்கி, ஊரடங்கில் நின்று, அப்புறம் தொடர்ந்தது. ஒரே சுற்றுக்குள்ளேயே ஊரடங்குக்கு முன், பின் என்று இரண்டு உலகம்.

போன தடவை 42, இந்தத் தடவை 44. அப்ப கூடிடுச்சுன்னு சொல்லலாமா?

இந்த எண்களைக் கொண்டுவந்தவர் ஒரு கல்லூரி மாணவி. குடும்ப நல ஆய்வில் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று ஏழு காரணங்களைத் தனித்தனியாகச் சொல்லிக் கேட்பார்கள்: சொல்லாமல் வெளியே போனால், குழந்தையைக் கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், சமையல் சரியில்லாவிட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று. ஒன்றுக்காவது நியாயம்தான் என்றவர்கள் நாடு முழுக்க, ஆண்களில் 2005-06-ல் 51 சதவீதம், 2015-16-ல் 42, 2019-21-ல் 44. பெண்களில் 54, 52, 45.

ஆயிரம் ஆயிரம் பேர் உள்ள இரண்டு சர்வேயாக இருந்தால் நாலரைக்குக் கீழே உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம், ஏனென்றால் பிழை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. இங்கே கடைசி இரண்டு சுற்றிலும் லட்சத்தை ஒட்டி ஆண்கள், அதனால் 2 என்பது வெறும் குலுக்கல் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மேலே சொன்ன ஊரடங்கு, ஆள் கிடைப்பது, கேட்டவர்கள் வேறு என்பதெல்லாம் சேர்ந்தால் 2 புள்ளி எளிதாக வரும். ஆண்களிடம் இறக்கம் நின்றுவிட்டது என்று நான் சொல்வேன், கூடிவிட்டது என்று சொல்ல இன்னொரு சுற்றாவது வேண்டும். பெண்களின் 52-லிருந்து 45 வேறு விஷயம், அது நிஜமான நகர்வு. மூன்று எண்ணாவது இல்லாமல் வளைவைப் பற்றிப் பேசக் கூடாது, இரண்டு புள்ளி இருந்தால் எப்போதும் நேர்கோடுதான் வரும்.

எங்க மாவட்டத்துக்குத் தனியா எடுத்துச் சொல்ல முடியுமா?

சிலவற்றுக்கு முடியும், கருத்துக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் முடியாது. குடும்ப நல ஆய்வு நாலாவது சுற்றிலிருந்து மாவட்ட எண்களைத் தருகிறது, ஆனால் ஆண்களிடம் கேட்பது சுமார் 15 சதவீத வீடுகளில் மட்டும். திருவாரூர் ஆண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அதிலிருந்து எடுத்தால் கையில் நிற்பது மிகச் சிலர்.

நாகைக்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. ஐந்தாவது சுற்று 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களை வைத்துத் திட்டமிட்டது, எனவே அதில் "நாகப்பட்டினம்" என்றால் சீர்காழியும் குத்தாலமும் சேர்த்து. புது நாகையின் எண்ணைப் பழைய நாகையோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்று யாராவது போஸ்டர் அடித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

2011-க்கு அப்புறம் சென்சஸே நடக்கலையே. எதை வச்சு ஊரைத் தேர்ந்தெடுக்கறீங்க?

2011-ஐ வைத்துத்தான், அது ஓட்டைதான். கும்பகோணம், தஞ்சாவூர் ஓரத்தில் அப்போது வயலாக இருந்த இடம் இன்று முழுக்க மனைப்பிரிவு. தேர்ந்தெடுத்த ஊருக்குள் லிஸ்டிங் புதிதாகச் செய்வதால் அங்கே இன்றைய நிலவரம் வந்துவிடும், ஆனால் எந்த ஊர் என்ற தேர்வு பழைய கணக்கில் நடக்கிறது. எடை போட்டு, அதாவது குறைவாக வந்த வகை ஆட்களின் பதிலுக்கு மதிப்பைக் கூட்டிச் சரிசெய்வார்கள், அந்த எடைக்கும் அதே பழைய சென்சஸ்தான் ஆதாரம். புது சென்சஸுக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள், அது வந்த பிறகு எண்கள் லேசாகத் துள்ளும். அந்தத் துள்ளலை மன மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மனசு மாறுதா, இல்ல ஆளு மாறுதா?

பெரும்பாலும் இரண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் கேட்பது வேறு வேறு ஆட்களை. 80 வயதுக்காரர்கள் போய்ச் சேர, 18 வயதுக்காரர்கள் உள்ளே வர, ஒருவர் கூட மனசை மாற்றிக்கொள்ளாமலே நாட்டின் சராசரி நகர்ந்துவிடும். பிரித்துப் பார்க்க, பிறந்த வருஷத்தை வைத்துத் தொடர வேண்டும். 1970-களில் பிறந்தவர்கள் போன சுற்றில் என்ன சொன்னார்கள், பத்து வயது கூடிய பிறகு அதே கூட்டம் என்ன சொல்கிறது? அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நகர்ந்திருந்தால் மனசு மாறியிருக்கிறது, அல்லது வயசு மாற்றியிருக்கிறது. வயதா, காலமா, தலைமுறையா என்று மூன்றையும் எண்ணை மட்டும் வைத்துச் சுத்தமாகப் பிரிக்க வழியே கிடையாது, ஏதாவது இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடும்.

இன்னொரு வழி அதே ஆட்களையே திரும்பப் போய்ப் பார்ப்பது. மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05-ல் 41,554 குடும்பங்களைக் கேட்டு, 2011-12-ல் அவற்றில் 83 சதவீதத்தைத் திரும்பப் பிடித்தது. பெரிய சாதனை. ஆனால் கிடைக்காமல் போகிறவர்கள் யார் என்று யோசியுங்கள், ஊரை விட்டுப் போனவர்கள். டெல்டாவில் இது ரொம்பச் சிக்கல். படித்த பிள்ளைகள் வெளியே போய்விடுவதால் ஊரில் நிற்பவர்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகிறது. "டெல்டா கிராமங்கள் பழமைக்குத் திரும்புகின்றன" என்று எண் வந்தாலும், அது திரும்பியவர்களின் கணக்காக இருக்காது, போய்விட்டவர்கள் போக மிச்சமிருப்பவர்களின் கணக்காக இருக்கும்.

எங்க காலேஜ் ப்ராஜெக்டுக்கு எங்க தாலுகாவுல நாங்களே பண்ணலாமா?

தாராளமாக. கேள்வியை நீங்களாக எழுதாதீர்கள். தேசிய சர்வேயில் தமிழில் கேட்ட கேள்வியை அதே சொல்லில், அதே பதில் கட்டங்களோடு எடுங்கள், அப்போதுதான் ஒப்பிட ஒரு எண் இருக்கும். தேசிய மாதிரி ஆய்வின் மூலத்தரவு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து 400 பேரைக் குலுக்கி எடுங்கள், பட்டியலில் உள்ள ஆளைத்தான் பார்க்க வேண்டும், அவர் வீட்டில் இருக்கிற யாரையோ இல்லை. பிழை 5 சதவீதம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், எந்தத் தேதிகளில் போனீர்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள், கேட்டது ஆணா பெண்ணா என்று எல்லாவற்றையும் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைத்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து உங்கள் ஜூனியர் யாராவது அதே தாலுகாவில் அதே மாதத்தில் திரும்பக் கேட்க அது வேண்டும்.